சோடியம் தயோசல்பேட் கரைசல்: தயாரித்தல், திறன் அறிதல், மதுரை வெயிலில் பாதுகாத்தல்

மதுரைக்கு மேற்கே ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கரைசல்கள் தயாரிக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தேன். ஒரு ஜூன் மாதம் கல்லூரி திறந்த வாரத்தில், ஏப்ரல் தேர்வுக்காகத் தயாரித்து மிச்சமிருந்த தயோசல்பேட் கரைசலை, சீட்டில் எழுதியிருந்த 0.1 நார்மல் (கரைசலின் திறனை, அதாவது செறிவைச் சொல்லும் அலகு) என்ற எண்ணை நம்பி, அப்படியே மாணவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டேன். தாமிரத்தை அளவறியும் அந்தச் சோதனையில் வகுப்பு முழுவதற்கும் விடை மூன்று, நான்கு விழுக்காடு கூடுதலாக வந்தது. மாணவர்களின் கை பிழை செய்திருந்தால் விடைகள் இரு பக்கமும் சிதறியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததால், போய்ப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் மெல்லிய, வெளிர்மஞ்சள் படிவு இருந்தது. அது கந்தகம். இரண்டு மாத வெயிலில், மூடிக் கிடந்த மேல்மாடி அறையில், கரைசல் தன் திறனை இழந்திருந்தது. சீட்டு மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றுமுதல் இந்த ஒரு வினைபொருளை நான் நடத்தும் முறையை முழுமையாக எழுதிவைக்க விரும்பினேன். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும், கல்லூரி ஆய்வக உதவியாளர்களுக்கும், நீர், உப்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் சிறு ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

இது ஏன் மாறுகிறது

சோடியம் தயோசல்பேட், பழைய ஸ்டூடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று அழைத்த அதே உப்புதான். வெள்ளி உப்புகளை இது கரைக்கும் என்பதை ஆங்கில அறிவியலர் ஜான் ஹெர்ஷல் 1819ஆம் ஆண்டிலேயே கண்டார். புகைப்படச் சுருளை நிலைப்படுத்தும் வேலைக்கு அது பின்னால் வந்தது. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் குழாய்நீரின் குளோரினைப் போக்க இன்றும் இதைத்தான் போடுகிறார்கள். ஆய்வகத்தில் இதன் வேலை அயோடினை அளப்பது. இரண்டு தயோசல்பேட் அயனிகள் ஓர் அயோடின் மூலக்கூறோடு சேர்ந்து, அயோடினை நிறமற்ற அயோடைடாக்கி, தாம் டெட்ராதயோனேட்டாக மாறுகின்றன. தாமிரம், குளோரின், நீரில் கரைந்த ஆக்சிஜன், உப்பிலுள்ள அயோடேட், எண்ணெய் கெட்ட அளவைக் காட்டும் பெராக்சைடு எண் என எதை அளந்தாலும், முதலில் அதற்கு ஈடான அயோடினை வெளிப்படுத்தி, பிறகு அந்த அயோடினைத் தயோசல்பேட்டால் தரம் பார்ப்பதே, அதாவது பியூரெட்டிலிருந்து சிறிது சிறிதாக விட்டு வினை முடிய எவ்வளவு செலவாகிறது என்று அளப்பதே வழி.

கரைசல் கெடுவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது அமிலம். காற்றிலிருந்து நீரில் கரையும் கரியமில வாயுவின் சிறு அமிலத்தன்மைகூட மெல்லமெல்லத் தயோசல்பேட்டைக் கந்தகமாகவும் பைசல்பைட்டாகவும் சிதைக்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ஒரு தயோசல்பேட் அயனி அயோடினுக்கு ஓர் எலக்ட்ரானைத்தான் தரும், அதிலிருந்து பிறந்த பைசல்பைட்டோ இரண்டைத் தரும். ஆகவே இவ்வாறு கெடும் கரைசலின் திறன் தொடக்கத்தில் சிறிது ஏறும். பிறகு காற்றின் ஆக்சிஜன் பைசல்பைட்டைச் சல்பேட்டாக்கிவிட, சல்பேட் அயோடினைத் தொடாது என்பதால், திறன் இறங்கும். பழைய கரைசல் என்றால் திறன் குறைந்துதான் இருக்கும் என்று ஊகித்து ஒரு விழுக்காட்டைக் கழித்துக்கொள்வது இதனால்தான் ஆபத்தானது.

இரண்டாவது காரணம் பாக்டீரியா. கந்தகச் சேர்மங்களை உண்டு வாழும் தயோபாசில்லஸ் வகை நுண்ணுயிர்களுக்கு நம் கரைசல் நல்ல உணவு. பி.எச். 9க்கும் 10க்கும் இடையில் இருந்தால் அவற்றின் நடமாட்டம் மிகவும் குறைந்துவிடும். மூன்றாவது, வெளிச்சமும் தாமிரத்தின் சுவடுகளும் ஆகும். இவை இரண்டும் சிதைவை விரைவுபடுத்தும். செம்புப் பாத்திரத்தில் வடித்த நீரைத் தயோசல்பேட்டுக்கு ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். வெப்பம் தனியாக ஒரு காரணமாக இல்லாவிட்டாலும் மேற்சொன்ன சிதைவுகளை எல்லாம் முடுக்கிவிடும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் நம் ஊரில் இதை மறக்கக் கூடாது.

படிகத்தை வாங்குவதும் வைப்பதும்

கடையில் கிடைப்பது ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். அதன் மோலார் நிறை 248.18 கிராம், எடையில் முப்பத்தாறு விழுக்காட்டுக்கும் மேல் வெறும் நீர். வறண்ட காற்றில் ஏறத்தாழ 33 டிகிரிக்கு மேல் இந்த நீர் வெளியேறத் தொடங்கி, பளபளப்பான படிகத்தின் மேல் வெள்ளை மாவு பூக்கும். ஏறத்தாழ 48 டிகிரியில் படிகம் தன் நீரிலேயே உருகிவிடும். ஏப்ரல் மதியத்தில் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும் என்பதால், வாங்கிய பாட்டிலை வண்டியில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறாக, திறந்துவைத்த பாட்டில் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும்.

எனவே ஐந்து கிலோ மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல், பகுப்பாய்வுத் தரத்தில் 500 கிராம் பாட்டிலாக வாங்குங்கள். உள்மூடியும் திருகுமூடியும் இறுக்கமாக இருக்கட்டும். தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரமுள்ள அலமாரி ஏற்றது. ஓட்டுக் கூரைக்கோ மொட்டைமாடிக்கோ நேர் கீழே உள்ள அறை ஏற்றதல்ல. அமிலங்களும், நைட்ரேட், குளோரேட், பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளும் இதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. உருகிக் கட்டியான பாட்டிலைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதில் எடை போட்டுப் பெற்ற திறனை நம்ப முடியாதே தவிர, கரைத்துத் திறன் கண்டுகொண்டால் அதுவும் வேலைக்கு ஆகும்.

ஒரு லிட்டர், 0.1 நார்மல்

முதல் நாளே ஒன்றேகால் லிட்டர் வாலைவடிநீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, தூசு விழாதபடி மூடி ஆறவையுங்கள். கரியமில வாயு வெளியேறுவதும் பாக்டீரியா சாவதும் இந்த ஒரே செயலில் நடந்துவிடுகின்றன. கொதிக்கவைக்கச் சோம்பல்பட்டு, கேனில் வாரக்கணக்கில் நின்ற நீரை அப்படியே ஊற்றுவதுதான் நான் கண்ட கெட்டுப்போன கரைசல்களில் பாதிக்குக் காரணம்.

கணக்குப்படி 24.82 கிராம் போதும். நான் 25 கிராம் எடுப்பேன். இங்கே நான்கு தசம இடம்வரை எடை போடுவதில் பொருளில்லை. படிகத்தின் நீரளவே உறுதியில்லாதபோது துல்லியத் தராசு நமக்கு எதையும் தந்துவிடாது. அரை லிட்டர் ஆறிய நீரில் அதைக் கரைக்கும்போது பாத்திரம் சில்லென்று குளிரும், ஏனெனில் இது வெப்பத்தை உறிஞ்சிக் கரையும் உப்பு. அதனுடன் நீரற்ற சோடியம் கார்பனேட் 0.1 கிராம் சேருங்கள். பி.எச்.ஐ மேலே சொன்ன எல்லைக்குக் கொண்டுவர அந்தச் சிறு அளவே போதும். பாதுகாப்பு என்று நினைத்து இன்னும் அதிகம் போட்டால், அல்லது போராக்சைச் சேர்த்தால், ஆக்சிஜனேற்றம் விரைவாகிக் கரைசல் சீக்கிரம் கெடும். கரைசல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ஒரு லிட்டர் குறிவரை நீர் சேர்த்து, குடுவையைத் தலைகீழாகப் பலமுறை திருப்பிக் கலக்குங்கள். நீண்ட நாள் வைக்க வேண்டுமானால் மூன்று துளி குளோரோபாம் சேர்க்கலாம்; பள்ளி ஆய்வகத்தில் அதைத் தவிர்த்து, சிறிய அளவில் அடிக்கடி தயாரிப்பதே நல்லது.

தயாரித்த அன்றே திறன் பார்க்க வேண்டாம். ஒருநாளாவது, முடிந்தால் இரண்டு நாள், மூடிய பழுப்புப் பாட்டிலில் அமர விடுங்கள்.

திறன் அறிதல்

இதற்குப் பொட்டாசியம் டைகுரோமேட், பொட்டாசியம் அயோடேட் இரண்டும் வழக்கத்தில் உள்ளன. பழைய செய்முறை ஏடுகளில் டைகுரோமேட்தான் இருக்கும். நம் மாணவர்களுக்குப் பழக்கமானதும் அதுவே. ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் உப்பு. அதன் கழிவை எங்கே கொட்டுவது என்பதும் தீராத சிக்கல். அதனால் நான் அயோடேட்டையே பரிந்துரைக்கிறேன்.

பொட்டாசியம் அயோடேட்டை 120 டிகிரியில் ஒரு மணிநேரம் உலர்த்தி, உலர்த்துக் கலனில் ஆறவையுங்கள். இதன் சமான நிறை (ஒரு லிட்டரில் ஒரு நார்மல் ஆக்கத் தேவையான கிராம்) 35.67. ஆகவே 250 மி.லி. அளவுக் குடுவையில் 0.8917 கிராம் கரைத்தால் சரியாக 0.1 நார்மல் கிடைக்கும். அதே எடை வர வேண்டுமென்று சிட்டிகையாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு அருகில் எந்த எடை வந்தாலும் நான்கு தசமம்வரை குறித்துக்கொண்டு திறனைக் கணக்கிட்டால் போதும். எடுத்துக்காட்டாக, 0.9030 கிராம் இருந்தால் திறன் 0.1013 நார்மல். தயோசல்பேட்டை எடை போடும்போது வேண்டாத துல்லியம் இங்கே கட்டாயம் வேண்டும், ஏனெனில் மொத்தச் சோதனையும் நிற்கும் தூண் இந்த ஒரு எடைதான்.

20 மி.லி. அயோடேட் கரைசலைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவைக்குள் விடுங்கள். இரண்டு கிராம் பொட்டாசியம் அயோடைடு போட்டுக் கரைத்து, ஒரு மோலார் சல்ப்யூரிக் அமிலம் 5 மி.லி. ஊற்றுங்கள். கரைசல் உடனே செம்பழுப்பாகும். அயோடேட் வினை நொடியில் முடிவதால் காத்திருக்காமல் தரம் பார்க்கலாம். டைகுரோமேட் என்றால் குடுவையை மூடி ஐந்து நிமிடம் இருட்டில் வைத்தாக வேண்டும். கணக்கிலுள்ள அளவைவிட அயோடைடைப் பல மடங்கு கூடுதலாகப் போடுவதற்குக் காரணம், அயோடின் தனியே நீரில் அரிதாகவே கரையும், அயோடைடோடு சேர்ந்து டிரைஅயோடைடான பிறகே ஆவியாகாமல் கரைசலில் நிற்கும். வெப்ப நாளில் இந்த ஆவியிழப்பு கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். மின்விசிறியின் நேர்கீழே நின்று அயோடினைத் தரம் பார்க்க வேண்டாம்.

பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டை விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்றுங்கள். அமிலக் கரைசலுக்குள் தயோசல்பேட் விழுகிறதே, சிதையாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். அயோடினோடு நடக்கும் வினை, அமிலச் சிதைவைவிட மிக விரைவானது; குடுவையை நன்றாகச் சுழற்றினால் தயோசல்பேட் ஓரிடத்தில் தேங்காமல் அயோடினிடமே போய்ச் சேரும். சுழற்றாமல் கொட்டினால்தான் பிழை வரும். அதுபோல் கரைசல் காரமாகவும் இருக்கக் கூடாது. அங்கே அயோடின் ஹைப்போஅயோடைட்டாகி, தயோசல்பேட்டைச் சல்பேட்வரை கொண்டுபோய்விடும். அப்போது கணக்கே மாறிப்போகும்.

அடுத்தடுத்து மூன்று அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவர வேண்டும். 0.1 நார்மல் அயோடேட் 20 மி.லி.க்குத் தயோசல்பேட் 19.6 மி.லி. செலவானால், அதன் திறன் 0.1020 நார்மல். 25 கிராமைக் கொண்டு கணக்கிட்டால் 0.1007தானே வர வேண்டும் என்று குழம்ப வேண்டாம். படிகம் கொஞ்சம் நீரை இழந்திருந்தது என்பதே அதன் பொருள். அந்த 0.1020 எண்ணையே சீட்டில் எழுதுங்கள், ‘0.1 நார்மல்’ என்று வட்டமாக எழுதாதீர்கள்.

ஸ்டார்ச்சும் முடிவுநிலையும்

ஒரு கிராம் கரையும் ஸ்டார்ச்சைக் குளிர்ந்த நீர் சிறிது விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, கொதிக்கும் 100 மி.லி. நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். வீட்டில் கஞ்சி காய்ச்சும் அதே பக்குவம்தான். தெளிவாக இருக்க வேண்டும், கெட்டியாகக் கூடாது. நம் வெப்பத்தில் இது மறுநாளே புளிக்கத் தொடங்கும் என்பதால் அன்றன்று காய்ச்சுவதே முறை. கெட்ட ஸ்டார்ச் நீலத்துக்குப் பதில் ஊதா அல்லது செந்நிறம் காட்டும். அதைப் பார்த்தவுடன் கொட்டிவிடுங்கள்.

இதை எப்போது சேர்ப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். செம்பழுப்பு மாறி மஞ்சளாகி, அந்த மஞ்சளும் காய்ந்த வைக்கோலின் வெளிர்நிறத்துக்கு வந்த பிறகே 2 மி.லி. ஸ்டார்ச் விட வேண்டும். அதற்கு முன் விட்டால், செறிந்த அயோடினை ஸ்டார்ச் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. முடிவுநிலை இழுத்துக்கொண்டே போகும். பிறகு துளித்துளியாக விட, நீலம் சட்டென மறையும். டைகுரோமேட்டில் நிறம் முழுவதும் போகாமல் குரோமியத்தின் இளம்பச்சை எஞ்சும். மறைந்த நீலம் சில நிமிடங்கள் கழித்துத் திரும்பினால் அது காற்று செய்த வேலை, பொருட்படுத்த வேண்டாம். உடனே திரும்பினால் வினை முழுமையடையவில்லை. அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள். சூடான கரைசலில் ஸ்டார்ச்சின் நீலமே மங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெறுஞ்சோதனை ஒன்றும் அவசியம். அயோடேட் இல்லாமல், அயோடைடு, அமிலம், ஸ்டார்ச் மூன்றையும் மட்டும் கலந்து பாருங்கள். நீலம் வந்தால் உங்கள் அயோடைடு பழையது. பாட்டிலில் மஞ்சளாகத் தெரியும் அயோடைடு பெரும்பாலும் இப்படித்தான் காட்டும்.

கரைசலை வைத்திருப்பது

பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, இருண்ட அலமாரி ஆகிய மூன்றும் அடிப்படை. பாட்டிலில் பாதிக்கு மேல் காலியானால் மிச்சத்தைச் சிறிய பாட்டிலுக்கு மாற்றலாம், காற்று குறையும். பியூரெட்டில் மிஞ்சியதை மறுபடி பாட்டிலுக்குள் ஊற்றக் கூடாது. சீட்டில் பொருளின் பெயர், தயாரித்த நாள், திறன், திறன் பார்த்த நாள், பார்த்தவரின் முதலெழுத்து என ஐந்தும் இருக்க வேண்டும். இவற்றில் திறன் பார்த்த நாள்தான் மிக முக்கியம்.

தை, மாசியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறன் பார்த்தால் போதுமானதாக இருந்தது. பங்குனி முதல் ஆனி வரை வாரம் ஒருமுறை பார்த்தேன். கலங்கலோ அடியில் படிவோ தெரிந்தால் திறன் பார்க்கவே வேண்டாம், கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். கோடை விடுமுறைக்கு முன் மிஞ்சியதை வைத்துச் செல்லும் பழக்கத்தை நான் அந்த ஜூனோடு விட்டுவிட்டேன்.

குளிர்பெட்டியில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், சிதைவு மெதுவாகும். ஆனால் எடுத்தவுடன் அளக்கக் கூடாது. 27 டிகிரியிலிருந்து 37க்குப் போனால் நீரின் கனஅளவு ஏறத்தாழ 0.3 விழுக்காடு கூடுகிறது. காலையில் ஆறு மணிக்குக் குறிவரை நிரப்பிய கரைசலை உச்சிப்பொழுதில் பியூரெட்டில் அளக்கும்போதும் இதே பிழைதான். திறன் அறிதலையும் சோதனையையும் ஒரே வேளையில் செய்தால் இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

0.005, 0.025 நார்மல் போன்ற நீர்த்த கரைசல்களைச் சேமிக்கவே வேண்டாம். அவை மிக விரைவில் மாறும். 0.1 நார்மலிலிருந்து தேவையான அன்று நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

இரண்டு பயன்பாடுகள்

தூத்துக்குடியிலிருந்து வரும் அயோடின் கலந்த உப்பை எடுத்துக்கொள்வோம். அதிலிருப்பது பொட்டாசியம் அயோடேட். பத்து கிராம் உப்பை 50 மி.லி. நீரில் கரைத்து, இரண்டு நார்மல் சல்ப்யூரிக் அமிலம் 1 மி.லி., பத்து விழுக்காட்டு அயோடைடு கரைசல் 5 மி.லி. சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் வைத்து, 0.005 நார்மல் தயோசல்பேட்டால் தரம் பாருங்கள். 0.1 நார்மலில் 50 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் இந்தத் திறன் கிடைக்கும். செலவான மி.லி.யை 10.58ஆல் பெருக்கினால் அயோடின் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று தெரியும். நுகர்வோர் கைக்கு வரும்போது குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும், அதற்குச் செலவாவது 1.42 மி.லி. மட்டுமே. 0.05 மி.லி. அளவுள்ள ஒரே துளி விடையை அரை பி.பி.எம். மாற்றிவிடும் என்பதால், இதற்கு நுண்பியூரெட் இருந்தால் நல்லது.

இன்னொன்று, வைகையிலோ வண்டியூர்த் தெப்பக்குளத்திலோ எடுத்த நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். 1888இல் வேதியியலர் வின்க்லர் கண்ட முறை இது. மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் கொண்டு நீரெடுத்த இடத்திலேயே ஆக்சிஜனை நிலைநிறுத்தி, ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து அயோடினை விடுவிக்க வேண்டும். 200 மி.லி. நீருக்கு 0.025 நார்மல் தயோசல்பேட் பயன்படுத்தினால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். நீர் 30 டிகிரியில் இருந்தால் அது கொள்ளக்கூடிய ஆக்சிஜனே 7.6 மில்லிகிராம்தான். பாசி படர்ந்த குளத்தில் நடுப்பகல் வெயிலில் அதற்கு மேலும் வரலாம். விடியலுக்கு முன் அதே குளத்தில் பாதிக்குக் கீழே இறங்கவும் கூடும். எனவே நீர் எடுத்த நேரத்தைக் குறிக்காத அளவீட்டால் பயனில்லை.

கையாளும்போது

தயோசல்பேட் அதிக நச்சுள்ள பொருளன்று. ஆனால் அதன் செறிந்த கரைசலில் அமிலம் பட்டால் கந்தக டைஆக்சைடு கிளம்பும். இளைப்பு நோய் உள்ளவர்களுக்கு அது கேடு. ஆகவே தயோசல்பேட் கழிவும் அமிலக் கழிவும் ஒரே வாளியில் சேரக் கூடாது. அயோடின் எஞ்சிய குடுவைகளை நிறம் போகும்வரை மிச்சத் தயோசல்பேட் விட்டு, நிறைய நீரோடு கழுவலாம். குரோமியம் கலந்ததைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக்கேனில் சேர்த்து, கழிவு எடுத்துச் செல்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டையிலோ விரலிலோ பட்ட அயோடின் கறைக்கும் அதே தயோசல்பேட் ஒரு துளி விட்டு நீரில் அலசினால் போதும்.

வேலை முடிந்ததும் பியூரெட்டை உடனே காலிசெய்து, மூன்று முறை வாலைவடிநீர் ஓட்டி, தலைகீழாக நிறுத்தி, திருகைத் திறந்தே வையுங்கள். ஒரு நாள் மறந்து விட்டாலும் திருகின் இடுக்கில் தயோசல்பேட் காய்ந்து படிகமாகி இறுகிக்கொள்ளும்.